வெங்காயத்தோல் கரை

ஒரு கார்டுக்கு பார்டர் போடுவதில் இத்தனை வயிற்றெரிச்சல் இருக்கிறது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், அந்த வேலையை அன்றைக்கே எதிர்க்கடைக்குத் தள்ளிவிட்டிருப்பேன். எதிர்க்கடைக்காரன் வேணுகோபாலுக்கு எதையும் யோசிக்கிற பழக்கம் கிடையாது. நிம்மதியாக அடித்துக் கொடுத்திருப்பான்.

என் கடை பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பிளெக்ஸ், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஐடி கார்டு என்று எல்லாம் செய்கிறேன். பிறந்தது தறி வீட்டில் என்பதால் எதைப் பார்த்தாலும் புடவை மாதிரி இது உடல், இது கரை என்று கண் தானாகப் பிரித்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட நான் கரை பார்ப்பதாக என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

கலைவாணனும் அபியும் ஒரே பைக்கில் வந்தார்கள். மாகறல் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஏரிக்கரை மைதானம். அந்தப் பக்கம் எல்லா ஊரும் அப்படித்தான். கலைவாணன் ஊர்க்காரன், ஒரகடத்தில் கம்பெனி வேலை. அபி காலனிக்காரன், ஏனாத்தூரில் ஏசி மெக்கானிக். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கலைவாணன் கிரிக்கெட் டீமுக்கு கேப்டன், அபி வேகப்பந்து போடுகிறவன். இதெல்லாம் உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் அவர்களே சொன்னது. ஒருவன் ஆரம்பிக்கிற வாக்கியத்தை இன்னொருவன் முடித்துக்கொண்டிருந்தான்.

"டிரேடிங் கார்டு அடிக்கணும்க்கா," என்றான் கலைவாணன். "எங்க டீம் பசங்களப் போட்டு. முன்னாடி போட்டோ, பின்னாடி ரன்னு, விக்கெட்டு. பசங்க சிப்ஸ் பாக்கெட்ல வர்ற பிளேயர் கார்டெல்லாம் சேத்துக்கினு மாத்திக்குவானுங்க பாருங்க, அந்த மாதிரி."

"உங்களுக்கு ஆளுக்கு ஒரு செட்டா?"

"எங்களுக்கு இல்லக்கா. பொங்கலுக்கு டோர்னமென்ட்டு வெக்கிறோம். அன்னிக்கு சின்னப் பசங்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட்டு குடுக்கப் போறோம், ஊரு, காலனி ரெண்டுக்கும். பாக்கெட்டுக்கு அஞ்சு கார்டு. நல்லா கலந்து போட்டுடணும். எவனுக்கும் முழு டீம் கெடைக்கக்கூடாது."

"அது எதுக்கு அப்படி?"

"முழு டீமும் சேரணும்னா மாத்திக்கினுதான ஆவணும். அபி கார்டு இல்லாதவன் காலனிக்குப் போயி கேக்கணும். அவன் என் கார்டு வேணும்னு இந்தாண்ட வருவான்."

"எங்க தெருவுக்கு ஐஸ் வண்டியே முனையோட திரும்பிடும்க்கா," என்று சிரித்தான் அபி. "பசங்களாவது வரட்டும்."

போன ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக் செட் விஷயத்தில் அடிதடியாகி, அந்த ஊரில் போலீஸ் வேன் நின்றது எனக்குத் தெரியும். சமாதானக் கூட்ட பிளெக்ஸ் என் கடையில்தான் அடித்தார்கள். அப்போது ஊரில் பெரியவர்கள் எல்லாரும் டீமைப் பிரிக்கச் சொன்னார்களாம். கலைவாணனின் மாமா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். இவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே மைதானத்தில் இறங்கி ஆடியிருக்கிறார்கள்.

"இது ஒண்ணுதான்க்கா மிச்சம்," என்றான் கலைவாணன். "இதுவும் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் அந்த ஊர்ல பேசிக்கிறதுக்கு ஒரு காரணமும் இருக்காது."

எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வாடிக்கையாளர்களை எனக்கு லேசில் பிடிக்காது.

பார்டருக்கு வந்தோம். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

என்னிடமிருந்த மாதிரிகளைத் திரையில் ஓட்டினேன். முதலில் மஞ்சள் வந்தது. கலைவாணனே "வேணாம்க்கா" என்றான். மஞ்சள் ஊர்த்தெருக்காரர்கள் நிறம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அடுத்தது நீலம். "அய்யோ, அது எங்களுது," என்றான் அபி. நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். சிவப்பு தனியாக வந்தால் ஒரு கட்சி, கறுப்போடு வந்தால் இன்னொரு கட்சி. பச்சைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள். காவியைத் திறக்கவேயில்லை. கறுப்பு மட்டும் வைத்தால் கண்ணீர் அஞ்சலி. டீம் மொத்தமும் ஏரியில் விழுந்து செத்த மாதிரி இருக்கும் என்று அபி சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம். கோபுரக் கரை போடலாமா என்றேன். டீமில் ஜான்சன் இருக்கிறான், அவன் அம்மா மரியம்மாள் ஆன்ட்டி கோபித்துக்கொள்வார் என்றார்கள்.

"பார்டரே இல்லாம விட்டுடலாமா?" என்றேன்.

"ரேஷன் கார்டு மாதிரி ஆயிடும்க்கா," என்றான் கலைவாணன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வானவில்லில் இருக்கிற அத்தனை நிறத்தையும் ஆளுக்கு ஆள் பட்டா போட்டுக்கொண்டால் மனிதர்கள் எந்த நிறத்தில் கார்டு அடிப்பது? எழுந்து உள்ளே போய், அப்பா வைத்திருந்த சாய நூல் மாதிரி அட்டையை எடுத்து வந்து மேஜையில் போட்டேன். பட்டு நூலைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை அது. மாந்துளிர், மயில்கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ, வெங்காயத்தோல்.

"இதில் எதுக்காவது கொடி இருக்கிறதா பாருங்கப்பா."

இருவரும் குனிந்து தேடினார்கள். அபிதான் வெங்காயத்தோலில் விரல் வைத்தான். சின்ன வெங்காயத்தின் மேல்தோல் நிறம், கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் செம்பு. "இதுக்கு எவனும் சண்டைக்கு வர மாட்டான்க்கா," என்றான்.

"ஷோக்காக் கீது," என்றான் கலைவாணன். "ஆனா எல்லாருக்கும் ஒரே ஃப்ரேம் வெச்சா கார்டு மாதிரி இருக்காது. மொபைல் கேம்லல்லாம் டைப்புக்கு ஒரு ஃப்ரேம் இருக்கும். பேட்ஸ்மேனுக்கு ஒண்ணு, பவுலருக்கு ஒண்ணு. அப்பதான் பசங்களுக்கு மாத்திக்கிற ஆசை வரும்."

நியாயமான பேச்சு. பேட்டிங்குக்கு வெங்காயத்தோல், பவுலிங்குக்கு கத்தரிப்பூ என்று முடிவானது.

"ரெண்டும் ஆடுறவனுக்கு என்ன போடுவது?" என்று கேட்டேன்.

"ஆல்ரவுண்டர் எங்க டீம்ல இல்லக்கா," என்றான் கலைவாணன். அபி நூல் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வேலையை ஆசையாகச் செய்தேன். கார்டுக்குப் பார்டர் மெல்லிசாக இருந்தால் வெட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்தது பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் அகலக் கரையாக வைத்து, உள்ளே ஜரிகை மாதிரி இரண்டு கோடு இழுத்து, மூலையில் ஒரு சின்ன ஸ்டம்ப் வரைந்தேன். கலைவாணன் வாட்ஸாப்பில் ஆள் ஆளாக விவரம் அனுப்பினான். பவுலர்களுக்கு அவன் பேட்டிங் கணக்கு எதுவும் அனுப்பவில்லை. கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று அங்கே ஒரு கோடு போட்டேன்.

ஒரு பெரிய தாளில் மாதிரி எடுத்தேன். வெட்டி அடுக்கச் சுலபம் என்று ஒரு நிறத்தை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்திருந்தேன். இரண்டு கரையும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது பார்க்க நன்றாக இருந்தது. வெங்காயத்தோலும் கத்தரிப்பூவும் ஒரு புடவையில் சேர்ந்தால் எந்தக் கல்யாணப் பெண்ணும் விடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி பார்க்க மூன்று பேர் வந்தார்கள். கலைவாணன், அபி, கூட விக்கெட் கீப்பர் ராஜவேலு. அவனும் ஊர்க்காரன், எதைச் சொன்னாலும் சத்தமாகச் சொல்கிறவன். தாளை மேஜையில் விரித்தேன். மூவரும் அவரவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். ராஜவேலு தன் மீசை சரியாக விழவில்லை என்றான். பிறகு ஓர் அடி பின்னால் போய் முழுத் தாளையும் பார்த்தான்.

"டேய், இன்னாடா இது. மேல ஃபுல்லா நம்ம தெரு, கீழ ஃபுல்லா இவங்க தெரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனிடம் வேறு எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"சும்மா இருடா," என்றான் கலைவாணன். "அது பேட்டிங்கு, இது பவுலிங்கு."

சொல்லிவிட்டு அவன் விரலை எடுத்து மேல் வரிசையில் வைத்தான். ஒவ்வொரு முகமாக நகர்த்தினான். கீழே வந்தான். மறுபடி மேலே போனான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது, நானும் தேட ஆரம்பித்தேன். எனக்கு முகங்கள் தெரியாது. அவன் விரல் எங்கேயாவது நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலனிப் பையன் ஒருவன் வெங்காயத்தோலில் இருந்தால் போதும், ஊர்ப் பையன் ஒருவன் கத்தரிப்பூவில் இருந்தால் போதும். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"நான் வேணும்னு செய்யலடா," என்றான் கலைவாணன்.

"தெரியும்," என்றான் அபி. "வேணும்னு செஞ்சிருந்தா சண்ட போட்டிருப்பன்."

"பந்து நல்லா போடறவன் பந்து போடறான். அவ்ளோதான."

அபி தன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேட்டிங் கட்டத்தில் நான் போட்ட கோட்டை நகத்தால் தொட்டான். "ஸ்கூல்ல நான் பேட்டிங் ஆடிக்கினு இருந்தன். ஞாபகம் இருக்குதா உனக்கு?"

கலைவாணன் தலையாட்டினான்.

"கிட் பேகு எங்க இருக்குது?"

"எங்க வீட்ல."

"எப்பவுமே உங்க வீட்லதான் இருக்குது. பந்து எங்காளுங்க எல்லார் வீட்லயும் இருக்குது, பத்து பேரு சேந்தா ஒண்ணு வாங்கிடலாம். காலைல எழுந்தா செவுத்துல அடிச்சிக்கினு இருப்பானுங்க. பேட்டு வேணும்னா உங்க தெருவுக்கு வரணும். உங்க அம்மா வாசல் தெளிச்சிக்கினு இருப்பாங்க, உங்க மாமா சேர் போட்டு உக்காந்துக்கினு இருப்பாரு. அங்க வந்து நிக்கணும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பன்டா."

"குடுத்திருப்ப. கேக்கணும்ல."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ராஜவேலு கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டான். நான் கணினிப் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் வெங்காயத்தோல் ஆக்கிவிடுகிறேன், இது ஒரு நிமிட வேலைதான், நிறத்தைக் கலந்தும் அடுக்கிவிடலாம் என்று படபடவென்று பேசினேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே பொறுக்கவில்லை.

"வேணாம்க்கா," என்றான் அபி. "நீங்க சரியாதான் போட்டிருக்கீங்க."

கலைவாணன் அவன் தோளைப் பிடித்தான். "அடுத்த மேட்ச் நீ ஓப்பனிங் எறங்கு. நான் கடைசில ஆடறன். உன் கார்ட மாத்திடலாம்."

"கார்டு மாத்தறதுக்கு எறங்கணுமா?" என்று கேட்டான் அபி. ஆனாலும் மறுக்கவில்லை. பைக்கில் ஏறும்போது கலைவாணன் பின்னால் அவன்தான் உட்கார்ந்தான். அதைப் பார்த்து, சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். இருபது வருடப் பழக்கம் ஒரு தாளைப் பார்த்ததாலா போய்விடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கலைவாணன் தனியாக வந்தான். கம்பெனிச் சட்டையோடு வந்து, பிளெக்ஸ் சுருள்கள் வைத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தான். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தேன்.

"ஓப்பனிங் எறங்கினான்க்கா," என்றான்.

"ஆடினானா?"

"பேடு கட்டிக்கவே தெரியல. நான்தான் கட்டிவிட்டன். பேட்டு வேற வெயிட்டா இருக்குதுன்னான். ரெண்டாவது பந்துல ஸ்டம்ப் பறந்துபோச்சு." தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். "எங்க மாமா கரைல நின்னுக்கினு இருந்தாரு. இவனுக்கெல்லாம் எதுக்குப்பா பேட்டுன்னு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன செய்தாய்?"

"சும்மா இருந்தன்க்கா. மேட்ச் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு இருந்தன்."

அபி பேட்டை அங்கேயே பிட்ச்சில் வைத்துவிட்டு, பேடைக்கூட அவிழ்க்காமல் நேராகத் தன் தெருவைப் பார்த்து நடந்திருக்கிறான். ஒவ்வொருவராக மற்ற பவுலர்களும் எழுந்து அவன் பின்னால் போயிருக்கிறார்கள். சத்தமில்லை, வாக்குவாதமில்லை. மதியத்துக்கு மேல் அந்தப் பேடை மட்டும் ஒரு சின்னப் பெண் கொண்டுவந்து கலைவாணன் தெரு முனையில் வைத்துவிட்டுப் போனாளாம்.

"பந்து போட ஆளே இல்லக்கா. நானே போட்டன். எல்லாம் வைடு வைடாப் போச்சு." அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் நல்லவன்னு நெனச்சிக்கினு இருந்தன்க்கா," என்றான்.

நல்லவன்தான். அவன் நல்லவனாக இருந்தும் இப்படித்தான் நடந்திருக்கிறது. எனக்கு அவன் மேல் கெட்ட கோபமும் வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? மேட்ச் முடியட்டும் என்று காத்திருந்தானாம்.

"அபி வீட்டுக்குப் போனாயா?"

"தெரு முனை வரைக்கும் போனன்."

முனையோடு திரும்பிவிடுகிற ஐஸ் வண்டி எனக்கு ஞாபகம் வந்தது.

பொங்கலுக்கு முன்னால் ராஜவேலு வந்தான். ஊர்த்தெருவுக்குப் புது டீம், புதுப் பெயர், செலவு கலைவாணனின் மாமாவுடையது. கார்டுக்கு ஃப்ரேம் மாதிரி எடுக்கட்டுமா என்றேன். "அதெல்லாம் வேணாம்க்கா, மஞ்சளே போட்டுடுங்க," என்றான். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பவுலர்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். புகைப்படங்களில் கலைவாணன் இல்லை. கேட்டேன். ஒரகடத்திலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான், பொங்கலுக்கும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டான் என்றான் ராஜவேலு. சத்தமாகப் பேசுகிற பையன், இதை மட்டும் மெதுவாகச் சொன்னான்.

அபி அதற்கு மறுநாள் வந்தான். கூட யாரும் இல்லை. போனில் காலனிப் பையன்களின் புது டீம் படங்கள் இருந்தன. எல்லார் கையிலும் மாறி மாறி அதே ஒரு புதுப் பேட்டு. இவன்தான் கேப்டன். பேட்டிங் கட்டத்தில் ஆளுக்கு ஒரு எண் அனுப்பியிருந்தான். இவனுக்குக்கூட இருந்தது, சின்ன எண்தான்.

"ஃப்ரேம்?" என்றேன்.

"நீலம்க்கா."

நூல் அட்டை அன்றைக்கு வைத்த இடத்திலேயே மேஜை ஓரமாகக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். எடுக்கவில்லை.

"அந்தப் பழைய ஷீட்டு இருக்குதாக்கா?"

இருந்தது. கிழிக்க மனசு வரவில்லை. எடுத்து விரித்தேன். மேல் வரிசைகளின் கடைசியில் கலைவாணன், அவனுக்கு நேர் கீழே, கீழ் வரிசைகளின் முதலில் அபி. இரண்டு கரையும் அங்கேதான் ஒட்டியிருந்தது. அபி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டால் வெட்டிக் கொடுக்கலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்து வைத்தேன். அவன் கேட்கவில்லை. தாளைச் சுருட்டி என்னிடமே கொடுத்தான்.

"நல்லா இருந்துச்சுக்கா அந்தக் கலரு," என்றான்.

நான் வேலைப் பேச்சுக்குத் திரும்பி, "இதையும் பாக்கெட்டுக்கு அஞ்சாகத்தானே போடணும்? எப்படிக் கலக்கட்டும்?" என்று கேட்டேன்.

"கலக்க வேணாம்க்கா. ஆளுக்கு முழு செட்டா குடுத்துடுங்க." வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டான். "மாத்திக்க யாரு எங்க போவப்போறா."

இரண்டு வேலையையும் ஒரே நாளில் அடித்தேன். மஞ்சளைத் தனியாகவும் நீலத்தைத் தனியாகவும் அடுக்கி, செட் செட்டாக ரப்பர் பேண்டு போட்டேன். கலக்கிற வேலை இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.